நிரப்புக்குரல்

எங்க கோஷ்டிக்குப் பேருதான் சலூன் பாட்டுக் கோஷ்டி. நாப்பத்தாறு பேர்ல கத்திரிக்கோல் பிடிக்கத் தெரிஞ்சவன் ஒரே ஒருத்தன், ஆம்ப்ரோஸ். அவனும் முடி வெட்டுறதைவிட நல்லாப் பாடுவான்னு ஊர்ல ஒரு பேச்சு உண்டு. என் காதுக்குப் பின்னால இருக்கிற தழும்பைப் பார்த்தா நீங்களும் ஒத்துக்குவீங்க. மத்தவங்க எல்லாம் காகித மில்லுல வேலை செய்யறவங்க, பள்ளிக்கூட பஸ் ஓட்டுறவங்க, மாடு வச்சிருக்கிறவங்க. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாதா கோயில் கீழ்த்தளத்துல கூடுவோம். வாத்தியம் கிடையாது. சுருதிக்குழல்ல ஒரு ஊது, அவ்வளவுதான், நாலு குரலாப் பிரிஞ்சு பாட ஆரம்பிச்சிருவோம். ஒரு கிட்டார் வச்சுக்கிட்டா என்னன்னு கேட்டவனை நாங்க அப்புறம் பியர் குடிக்கக் கூப்பிட்டதே இல்லை.

கோஷ்டிக்குள்ள நாலு நாலு பேராச் சேர்ந்தும் பாடுவோம். எங்க நால்வர்ல ஆம்ப்ரோஸ் மேல்குரல், நான் அடிக்குரல். மெட்டைத் தூக்கிட்டுப் போறவன் யூஜீன் வெர்ஹாகன், வீட்ல ஜீன். அவனோட அண்ணன் டெல்மர் நிரப்புக்குரல். நிரப்புக்குரல்னா, மத்த மூணு பேரும் நல்ல நல்ல சுரமா எடுத்துக்கிட்ட பிறகு மிச்சம் கிடக்கிறதைப் பொறுக்கிப் பாடுறவன். தனியாக் கேட்டா அது பாட்டு மாதிரியே இருக்காது, சாவியைத் தொலைச்சவன் முனகிட்டுத் தேடுற மாதிரி இருக்கும். ஆனா அது இல்லேன்னா மத்த மூணும் வெறும் கூடு. நாலும் சரியா உக்கார்ந்துச்சுன்னு வைங்க, யாருமே பாடாத அஞ்சாவது குரல் ஒண்ணு தலைக்கு மேல கிணுங்கும். மணி அடிச்சிருச்சும்போம் நாங்க. அதுக்காகத்தான் வீட்ல திட்டு வாங்கிட்டுச் செவ்வாய்க்கிழமை தவறாம வர்றோம்.

அந்த மணி எங்க நால்வருக்கு சுலபமா அடிக்கும். அண்ணன் தம்பி தொண்டை ஒரே அச்சு. ரெண்டு பேரும் கட்டினதும் அக்கா தங்கச்சியைத்தான். மூத்தவ ஆர்லீன் டெல்மருக்கு, இளையவ பெர்னிஸ் யூஜீனுக்கு. இருபது வருஷம் பெர்னிஸோட சமையலறையிலதான் எங்க ஒத்திகை. அவ உருளைக்கிழங்கு அடையைச் சுட்டுத் தட்டுல போட்டுக்கிட்டே என்னைப் பார்த்து, "நார்ப், நீ கீழ இறங்குறே, தூக்கு"ம்பா. அவ பாடத் தெரியாதவ. ஆனா சுருதி தப்பினா அடுப்புக்கு முன்னாடி நின்னுக்கிட்டு முகத்தைச் சுளிப்பா. அதுக்குப் பயந்தே ஒழுங்காப் பாடினோம்.

அப்படி இருந்த குடும்பம்தான் நாசமாப் போச்சு.

எண்பத்தாறு ஆகஸ்டுல மில்லுல ஸ்ட்ரைக். ஞாயித்துக்கிழமைக் கூடுதல் கூலியை எடுத்துட்டாங்க, ஆளைக் குறைப்போம்னாங்க, நாங்க எண்ணூறு பேர் வெளிய வந்துட்டோம். ஆகஸ்டுல மறியல் பண்றது ஆத்தங்கரைக்குப் போன மாதிரி. மடக்கு நாற்காலி, சோடா, சீட்டாட்டம். நவம்பர் வந்துச்சு, ஆத்துல இருந்து வர்ற காத்துல மீசை உறைஞ்சு போச்சு. தகரப் பீப்பாயில பழைய பலகையைப் போட்டு எரிச்சுக்கிட்டு, முன்பக்கம் வெந்து பின்பக்கம் விறைச்சு நின்னோம். டெல்மர்தான் மறியல் தலைவன். சிவப்புக் கைப்பட்டை, ஒரு நோட்டு, யார் எந்த நேரம் எந்த வாசல்னு எழுதி வைப்பான். ஒரு ஆள் வரலேன்னா அவனே அந்த நேரத்துக்கும் நிப்பான். அவனைப் பார்த்துத்தான் பாதிப் பேர் நின்னோம்.

அக்டோபர்லதான் பெர்னிஸ் மார்புல கட்டின்னு தெரிஞ்சது. ஸ்ட்ரைக்னு சொல்லி மில்லுக்காரன் வைத்தியக் காப்பீட்டை நிறுத்தியிருந்தான். வேலைக்குத் திரும்பறவனுக்கு மட்டும்தான் அது உண்டுன்னான். டெல்மர் தம்பியைக் கூப்பிட்டு, சங்கம் பார்த்துக்கும், மீன் விருந்து வச்சு வசூல் பண்ணுவோம், ஒருத்தனும் உன்னைக் கைவிட மாட்டான்னு சொன்னான். மனசாரத்தான் சொன்னான்.

"மீன் வறுத்து வித்து எத்தனை ஊசி போடறது டெல்?"னு கேட்டுட்டுப் போனான் யூஜீன்.

நவம்பர் கடைசியில நன்றிநாள் விருந்து முடிஞ்ச திங்கட்கிழமை, ஒரு நீல வண்டி மெதுவா வாசலுக்கு வந்துச்சு. உள்ள யூஜீன். கருங்காலியாகி வேலைக்குப் போறான். கத்தல்னா கத்தல். நான் என்ன செஞ்சேன்னு மறைக்க மாட்டேன். இருபது வருஷம் எவன் பக்கத்துல நின்னு மூச்சு வாங்குற இடம்கூடச் சேர்ந்தே வாங்கினேனோ, அவன் வண்டிக் கண்ணாடி மேல காறித் துப்பினேன். குளிர்ல அது அப்படியே உறைஞ்சு ஒட்டிக்கிச்சு. டெல்மர் கத்தவும் இல்லை, துப்பவும் இல்லை. கைப்பட்டையைச் சரி பண்ணிக்கிட்டு, "எனக்குத் தம்பி கிடையாது. எல்லாரும் கேட்டுக்கங்க"ன்னான். நோட்டை எடுத்து மதியத்துக்கு யார்னு எழுத ஆரம்பிச்சுட்டான்.

எங்க கோஷ்டி ஹால்ல பழைய விதி ஒண்ணு உண்டு. சாமி, கட்சி, சங்கம், இந்த மூணும் உள்ள பேசக்கூடாது. பேசலை, யாருமே பேசலை. அடுத்த செவ்வாய் யூஜீன் வந்து அவன் இடத்துல நின்னான். அவன் நின்ன வரிசையில இருந்து ஒவ்வொருத்தனா நகர்ந்து வேற வரிசைக்குப் போனாங்க. பத்து நிமிஷம் தனியா நின்னான். கோட்டை மாட்டிக்கிட்டுப் போனவன் திரும்ப வரலை. மெட்டுக்கு ஆள் வேணுமேன்னு பஸ் ஓட்டுற டுவைட்டைச் சேர்த்தோம். சுருதி சுத்தமாப் பாடுவான் பாவம், ஒரு குறை சொல்ல முடியாது. மணி மட்டும் அடிக்கலை.

பிப்ரவரி முதல் வெள்ளிக்கிழமை சங்க சமையலறையில நான் உருளைக்கிழங்கு தோல் சீவிட்டிருந்தேன். வெள்ளிக்கிழமைன்னா பெர்ச் மீன் வறுவல், முட்டைக்கோஸ், கருப்பு ரொட்டி. முந்நூறு பேர் வருவாங்க. ஆர்லீன் மாவு கரைச்சுக்கிட்டே என் பக்கமா நகர்ந்து வந்தா.

"தோலைச் சீவச் சொன்னா கிழங்கைச் சீவி எறியறியே நார்ப்."

"கத்தி அப்படி. மில்லுக்காரனோட கூட்டுச் சேர்ந்துடுச்சு."

சிரிக்கலை. சுத்தி வேலை செஞ்சுக்கிட்டிருந்த பொம்பளைங்களை ஒரு பார்வை பார்த்தா. "காதலர் தினச் சீட்டு நீதானே வாங்கறே?"

அது எங்க கோஷ்டியோட வழக்கம். காதலர் தினத்தன்னைக்கு நால்வர் நால்வராக் கிளம்பி, ஊர்க்காரங்க யார் பேருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்காங்களோ அவங்க வீட்டுக்குப் போய் ஒரு ரோஜா, ஒட்டின உறையில ஒரு கடிதம், ரெண்டு பாட்டு. அனுப்பினது யாருன்னு நாங்க சொல்ல மாட்டோம், கடிதத்தைப் பிரிச்சுத்தான் தெரிஞ்சுக்கணும்.

"ஆமா. ஏன், டெல்மருக்கு அனுப்பப் போறியா? அவன் எதிர்ல நின்னு அவனே பாடிக்கணும், அதான் ஒரு சங்கடம்."

"பெர்னிஸுக்கு."

நான் கத்தியைக் கீழ வச்சேன்.

"ஈஸ்டர் வரைக்கும் தாங்கினா பெரிசாம்" அப்படின்னா. மாவைக் கிண்டறதை நிறுத்தலை. "கோயில் வாசல்ல அவ பக்கத்து வீட்டுக்காரி சொன்னா. என் கூடப்பொறந்தவ சாகக் கிடக்கிறதை எவளோ ஒருத்தி வந்து எனக்குச் சொல்ல வேண்டியிருக்கு பாத்தியா."

"போய்ப் பார்த்துட்டு வந்துடு ஆர்லீன். உன்னை எவன் கேப்பான்?"

"எவன் கேப்பானா? இதோ நிக்கறாளுங்களே, இவளுங்க கேப்பாளுங்க. தலைவன் பெண்டாட்டி கருங்காலி வீட்டுப் படியேறினான்னா அந்தாளு நாளைக்கு வாசல்ல எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நிப்பான்? டெல்மர் என்ன சொன்னான் தெரியுமா? 'அந்த வாசல்ல நீ கால் வச்சா'ன்னான். அதோட நிறுத்திட்டான். மீதியைச் சொல்லியிருந்தாலாவது எதிர்த்துச் சண்டை போட்டிருப்பேன்."

"தெரியாமப் போய்ட்டு வாயேன். அவன்தான் பகல் முழுக்க மில்லு வாசல்ல நிக்கறானே."

"முப்பத்தோரு வருஷமா ஒரு பொய்யை வச்சுக்கிட்டு அவனோட உக்கார்ந்து சாப்பிட்டதில்லை நான். இப்ப ஆரம்பிக்கச் சொல்றியா?" கரண்டியை என் முகத்துக்கு நேரா நீட்டினா. "நான் சொன்னா அவன் காதுல ஏறாது. ஜீன் கதை கட்டி விடறான்பான். அவன் கண்ணால பார்க்கணும். பார்த்துட்டு அவனே போன்னு சொல்லணும். சீட்டை உங்க நால்வருக்கு வர்ற மாதிரிப் பண்ணு."

"அது குலுக்கல்ல வர்றது."

"குலுக்கறவன் நீதானே!"

உறையைக் கொடுத்தா. அதுல மாவுக் கைத்தடம் இருந்துச்சு. நான் சட்டைப் பைக்குள்ள வச்சுக்கிட்டேன். என்ன செய்யச் சொல்றீங்க? முடியாதுன்னு சொல்ல எனக்கு நாக்கு வரலை. அந்தக் கண்ணாடி மேல துப்பினது வேற நெஞ்சுல கிடந்து உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

செவ்வாய்க்கிழமை குலுக்கல். ஆம்ப்ரோஸோட பழைய சவரக் குவளைக்குள்ள சீட்டு எல்லாத்தையும் மடிச்சுப் போட்டு, ஒவ்வொரு நால்வர்லயும் ஒருத்தன் கையை விட்டு ஆறு சீட்டு எடுக்கணும். எடுத்த சீட்டை மாத்தக்கூடாது, மறுக்கக்கூடாது. போன வருஷம் ஒரு நால்வருக்கு மாமியார் வீடு வந்து மாட்டினப்பக்கூட மாத்த விடலை. எங்களுக்கு எடுத்தவன் நான். அஞ்சைக் குவளைக்குள்ள இருந்து எடுத்தேன், ஆறாவது என் உள்ளங்கையில ஏற்கெனவே இருந்துச்சு. டெல்மர் வாங்கிப் பிரிச்சான். அவன் காது மடல் சிவந்தது இன்னும் ஞாபகம் இருக்கு.

"யாரு அனுப்பினது இதை?"

"அதைச் சொல்லக்கூடாதுப்பா" என்றேன்.

"சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியாதா? தைரியத்தைப் பாரு அவனுக்கு. சோத்துல மண்ணைப் போட்டுட்டு, வீட்டு வாசல்ல வந்து பாட்டு வேற பாடணுமாம் நாம."

ஆம்ப்ரோஸ் சும்மா இருக்காம, "சங்கம் பேசக்கூடாது ஹால்ல"ன்னான்.

"நீ ரெண்டு பக்கத்துக்கும் முடி வெட்டறவன், உனக்கு என்ன!"

"தலையில என்ன கட்சின்னு எழுதியிருந்தா சொல்லு, பார்த்து வெட்டறேன்."

"வேணும்னா நான் கோஷ்டித் தலைவர்கிட்ட கேட்டு மாத்தி..."ன்னு டுவைட் இழுத்தான்.

டெல்மர் சீட்டை நாலா மடிச்சான். "மாத்தக்கூடாதுன்னா மாத்தக்கூடாது. ஆளாளுக்குத் தனக்கு வேணும்கிறப்ப விதியை மீறினா அப்புறம் அவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? போவோம். விதிப்படி நாலு பேரும் போய் நிப்போம்."

நிப்போம்னு அவன் சொன்னதை நான் அப்ப சரியாக் கவனிக்கலை.

சனிக்கிழமை காலையில பூஜ்யத்துக்குக் கீழ பதினெட்டு. டுவைட்டோட கார்ல, கோடு போட்ட மேல்சட்டை, கழுத்துல சிவப்புப் பட்டாம்பூச்சி டை, அதுக்கு மேல எஸ்கிமோ மாதிரி கோட்டு. ரோஜாவை ஈரத்துணியில சுத்தி என் மடியில வச்சிருந்தேன். வங்கியில ஒரு பொண்ணு, ரொட்டிக் கடையில ஒரு அம்மா, மில்லுல இருந்து ஓய்வு வாங்கினவர் ஒருத்தரோட தொண்ணூறு வயசு மனைவி. அந்தக் கிழவி ரெண்டாவது பாட்டு முடியறதுக்குள்ள எங்க நாலு பேருக்கும் முத்தம் கொடுத்துட்டா. டெல்மர் நல்லாத்தான் பாடினான். மதியம் ஒரு மணிக்கு மேல யூஜீன் வீட்டுத் தெருவுல திரும்பினோம். சன்னல்லயெல்லாம் திரைச்சீலை விலகுது. சிவப்புக் கைப்பட்டைக்காரன் கருங்காலி வீட்டுக்கு முன்னாடி இறங்கறதை ஊரே பார்த்துக்கிட்டிருக்கு.

கதவைத் திறந்தது யூஜீன். எங்களைப் பார்த்ததும் அவன் முகத்துல ரத்தமே இல்லை. கதவை முழுசாத் திறந்து விட்டுட்டு, சமையலறைப் பக்கம் போய் மறைஞ்சுட்டான். பூட்ஸ்ல ஒட்டின பனியைக் கால்மிதியில உதறிட்டு நாங்க உள்ள போனோம்.

பெர்னிஸை எனக்கு அடையாளம் தெரியலை. சன்னல் பக்கத்துச் சாய்வு நாற்காலியில போர்வைக்குள்ள ஒரு சின்ன உருவம். தலையில பூப்போட்ட துணி. கை இருக்கே, எங்க எல்லாருக்கும் அடை சுட்டுப் போட்ட அந்தக் கை, குச்சியா நாற்காலிப் பிடி மேல கிடந்துச்சு. நான் நேராப் பார்க்க முடியாம ரோஜாவையே பார்த்தேன். டெல்மரைத் திரும்பிப் பார்த்தேன். அவன் சுவத்துல இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கிட்டு விறைப்பா நின்னான்.

"அட, என் நால்வர்" என்றா பெர்னிஸ். குரல் மட்டும் அதே குரல். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா மாவு கரைச்சு வச்சிருப்பேன்."

ஆம்ப்ரோஸ் சுருதிக்குழலை ஊதினான். ஆரம்பிச்சோம். ரெண்டு வரி போனதும் காதைத் தீட்டினேன். கூடு. வெறும் கூடு. பக்கத்துல நிக்கறவன் வாய் அசையுது, சத்தம் இல்லை. ஒரு மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடறான் படுபாவி. விதிப்படி நிக்கறானாம்! டுவைட் பயந்துபோய் என்னைப் பார்த்தான். நிறுத்தவும் முடியலை, சாகக் கிடக்கிறவ முன்னாடி நிறுத்தறதா? மூணு பேரும் ஓட்டைக் குரலோட ஓட்டிக்கிட்டே போனோம். நாற்காலிப் பிடியில தாளம் போட்டுக்கிட்டிருந்த பெர்னிஸோட விரல் நின்னுபோச்சு. அவ டெல்மர் வாயையே பார்த்தா. அவளுக்குத் தெரியாதா? இருபது வருஷம் அடுப்படியில கேட்டவளாச்சே. அந்த நிமிஷம் டெல்மரை அங்கேயே வச்சு அறையணும்னு இருந்துச்சு எனக்கு.

ரெண்டாவது சரணம் எடுத்தோம். சமையலறைக்குள்ள இருந்து ஒரு குரல் வந்துச்சு.

மெட்டு இல்லை அது. டுவைட் பாடிக்கிட்டிருந்த மெட்டு யூஜீனோட சொந்த இடம். அதை அவன் தொடலை. நாங்க விட்டுட்டிருந்த ஓட்டையை, அண்ணனோட சுரத்தை, அந்த மிச்சம் கிடக்கிற முனகலைப் பாடறான். வேணும்னு பாடினானா, தாங்க முடியாமப் பாடினானா, தெரியாது. எங்க ஆளுங்க எவனாலயும் ஒரு சுரம் இல்லாத பாட்டைக் கேட்டுக்கிட்டு வாயை மூடிட்டு இருக்க முடியாது, அது எங்க வியாதி. சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து வந்த குரல் சரியா வந்து உக்கார்ந்துச்சு. உக்கார்ந்ததும் அடிச்சிருச்சு மணி. மூணு மாசமா அடிக்காத மணி, அந்தச் சின்ன அறையில, மருந்து நெடிக்கு நடுவுல, அப்படியே கிணுங்குச்சு. பெர்னிஸ் கண்ணை மூடிட்டா.

டெல்மர் நாள்காட்டியை விட்டுட்டு அவளைப் பார்த்தான். அப்பத்தான் பார்த்தான். கடைசி வரி, நாலு பேரும் ஒண்ணாப் பிடிச்சு இழுத்து நிறுத்த வேண்டிய வரி. அதோட முதல் சொல்லுலயே டெல்மர் குரலை விட்டான். உடைஞ்சு, கரகரன்னு வந்துச்சு. அது வந்த அதே கணம் சமையலறையில பாட்டு நின்னுபோச்சு. இடத்துக்கு உரியவன் வந்துட்டான்னு எழுந்து கொடுத்த மாதிரி, அரைச் சுரம்கூட மேல பாடலை யூஜீன். ரெண்டாவது பாட்டை நாங்க நாலு பேரும் பாடினோம். உள்ள இருந்து மூச்சுச் சத்தம்கூட இல்லை.

ரோஜாவைக் கொடுத்தேன். உறையைக் கொடுத்தேன்.

"பாதிப் பாட்டுக்கு ஆளைக் காணோமே டெல்மர்?" என்றா பெர்னிஸ்.

"தொண்டை கட்டியிருக்கு" என்றான்.

"அது தெரியுது." உறையைப் பிரிக்க அவ விரலுக்குத் தெம்பில்லை. டெல்மர்கிட்டயே நீட்டினா. "ஜீன் அனுப்பியிருக்கான்னு நினைச்சேன். அவன் முழியைப் பார்த்தா இல்லைன்னு தோணுது. நீயே படி."

டெல்மர் பிரிச்சான். அந்தக் கையெழுத்தை அவனுக்குக் காட்டித் தரணுமா? அவன் வீட்டு மளிகைச் சீட்டுல தினம் பார்க்கிற எழுத்து. காகிதத்தைச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினான். அப்புறம் படிச்சான். "பெர்னி, நான் வர முடியலை. என் வீட்டுக்காரனை அனுப்பியிருக்கேன். அவனைத் திட்டாதே. ஆர்லீன்."

பெர்னிஸ் ரோஜாவை முகத்துல வச்சுக்கிட்டா. அவ அழுததை நாங்க பார்க்க வேண்டாம்னுதான். "அவளைக் கேட்டதாச் சொல்லு. சும்மா கேட்டதாச் சொல்லு போதும்" என்றா. நாங்க வெளிய வந்தோம். வர்றப்ப டெல்மர் சமையலறை வாசலைத் தாண்டித்தான் வரணும். உள்ள யூஜீன் தொட்டியோரம் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்னுக்கிட்டிருந்தான். டெல்மரோட கால் ஒரு நொடி தயங்குச்சு. நிக்கலை.

மீதி இருந்த ரெண்டு சீட்டையும் எப்படியோ பாடி முடிச்சோம். டெல்மரை அவன் வீட்டு வாசல்ல இறக்கி விட்டப்ப என் கோட்டைப் பிடிச்சு, "நீயும் இறங்கு. ரெண்டு பேரும் சேர்ந்துதானே செஞ்சீங்க" என்றான். அடிக்கப் போறான்னு நினைச்சுக்கிட்டே இறங்கினேன்.

ஆர்லீன் சமையலறையில நின்னுக்கிட்டிருந்தா. உக்காரவே இல்லை போல காலையில இருந்து. டெல்மர் பூட்ஸைக் கழட்டலை. தரையெல்லாம் பனித்தண்ணி ஓடுது, அவளும் அதைப் பார்க்கலை.

"அவ இவ்வளவு மோசமா இருக்கான்னு எப்ப இருந்து தெரியும் உனக்கு?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடி இருந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னேன் டெல்மர். இதே மேஜையிலதான் சொன்னேன். நீ யார் எந்த வாசல்னு எழுதிட்டிருந்தே. ம்னு சொன்னே."

டெல்மர் நாற்காலியில உக்கார்ந்தான். முகத்தை ரெண்டு கையாலயும் தேச்சுக்கிட்டான். "கை எப்படி ஆயிடுச்சு தெரியுமா அவளுக்கு? நான் வாயை மூடிட்டு நின்னேன் ஆர்லீன். அவ முன்னாடி நின்னு வாயை மூடிட்டு நின்னேன்." அழுதான். முப்பது வருஷப் பழக்கத்துல அவன் அழுது நான் பார்த்ததில்லை. கதவுப் பக்கமா நகர்ந்தேன்.

"எங்க போறே? இரு" என்றான். மூக்கைத் துடைச்சுக்கிட்டு, அவளைப் பார்த்துச் சொன்னான்: "நாளைக்குக் கோயில் முடிஞ்சதும் போ. பட்டப்பகல்ல போ. முன்வாசல் வழியாப் போ. ஒளிஞ்சு மறைஞ்சு எவனும் போக வேண்டாம்."

"உன் கைப்பட்டை?"

"அவங்களா வந்து கேக்கற வரைக்கும் நான் வச்சிருப்பேன்னு நினைச்சியா?"

திங்கட்கிழமை காலையில சங்கத்துல போய்க் கைப்பட்டையையும் நோட்டையும் மேஜை மேல வச்சுட்டான். காரணத்தையும் சொன்னான். ஒருத்தன் எழுந்து, "தலைவன் வீட்டுலயே இப்படின்னா நாங்க எதுக்குக் குளிர்ல சாகணும்?"னு கேட்டான். நியாயமான கேள்விதான். டெல்மர் தொப்பியை மாட்டிக்கிட்டு வெளிய போனான். மறியலுக்கு மட்டும் ஒரு நாள் தவறலை, சாதாரண ஆளா, கடைசி வாசல்ல, பீப்பாய் இல்லாத இடத்துல போட்டாங்க, நின்னான். வெள்ளிக்கிழமை ஆர்லீன் மாவுப் பாத்திரத்தைத் தொடப் போனப்ப ஒருத்தி வந்து அதைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டா. ஆர்லீன் ஏப்ரனைக் கழட்டி மடிச்சு வச்சுட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போனா.

தினம் போனா. அவளுக்குப் பனியில வண்டி ஓட்ட வராதுன்னு டெல்மரே கொண்டுவிட்டான். பொய். நாப்பது மைல் பனிப்புயல்ல ஓட்டினவ அவ. அவ உள்ள போவா, இவன் வண்டிக்குள்ளயே உக்கார்ந்திருப்பான். ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம். நான் சில நாள் பக்கத்துல போய் உக்காருவேன்.

"உள்ள போய் உக்காரேன்டா. விறைச்சுச் சாகப்போறே" என்பேன்.

"அவன் வேலைக்குப் போறவன். நான் போகாதவன்."

"மன்னிக்கவே மாட்டியா?"

"மன்னிக்கறதுன்னா என்ன நார்ப்? அவன் இடத்துல நான் இருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு தெரியலை எனக்கு. தெரியாதவன் உள்ள போய் என்ன பேசறது?" வண்டிக் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே சொல்வான். "எண்ணூறு பேர் வெளிய நிக்கறாங்க. அதுவும் பொய்யில்லையே."

நானும் என் பக்கத்துக் கண்ணாடியைத் துடைச்சேன்.

மார்ச் மூணாவது வாரம் ஈரப்பனி கொட்டுச்சு. அன்னைக்கு யூஜீன் வேலைக்குப் போகலை, நீல வண்டி வீட்டு முன்னாடியே நின்னுச்சு. பாதிரியார் வந்துட்டுப் போனார். நானும் டெல்மரும் வண்டிக்குள்ள உக்கார்ந்து கண்ணாடித் துடைப்பான் போய் வர்றதைப் பார்த்துக்கிட்டிருந்தோம். மூணு மணிக்குக் கதவு திறந்துச்சு. யூஜீன் வெறும் சட்டையோட, கோட்டு இல்லாம, காலுல வீட்டுச் செருப்போட பனியில நடந்து வந்தான். டெல்மர் பக்கத்துக் கண்ணாடிக்கு நேரா வந்து நின்னான். தலையில, தோள்ல பனி விழுது, தட்டிவிடலை.

டெல்மர் கண்ணாடியை இறக்கினான்.

"போயிட்டா டெல்."

டெல்மர் ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு முன்னாடி பார்த்தபடியே இருந்தான். நாலு மாசம் அந்த வாயிலிருந்து தம்பிக்குன்னு ஒரு சொல் வரலை. எதையாவது சொல்லித் தொலைடான்னு உள்ளுக்குள்ள கத்தினேன்.

"கோட்டு இல்லாம நிக்கறியே" என்றான் டெல்மர். "வந்து உள்ள உக்காரு."

நான் என் பக்கத்துக் கதவைத் திறந்துக்கிட்டு இறங்கினேன். யூஜீன் சுத்தி வந்து என்னைத் தாண்டித்தான் ஏறணும். ஏறறப்ப அவன் கண்ணைப் பார்த்து, "ஜீன், அன்னைக்கு உன் வண்டி மேல துப்பினது நான்" என்றேன். அந்த நேரத்துல போய் அதைச் சொன்னேன் மடையன்.

"தெரியும். கண்ணாடி வழியாப் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றான் யூஜீன். ஏறிக் கதவைச் சாத்திக்கிட்டான். நான் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு நடந்தே வீட்டுக்குப் போனேன்.